கட்ச்சுக்கு நில அதிர்வு ஆய்வுக்குப் போகிறீர்களா? சம்மட்டி தூக்கும் முன் இதைப் படியுங்கள்

முதல் முறை போனபோது பதினோரு நாள் அங்கே இருந்தோம். உருப்படியாகக் கிடைத்த தரவு இரண்டு நாளுக்கானது. நான்கு நாள் ஒரு கடிதத்துக்காக விடுதி அறையில் காத்திருந்தோம். மூன்று நாள், சேறு காயவில்லை, வண்டி இறங்காது என்று ஓட்டுநர் கையை விரித்தார். இன்னும் இரண்டு நாள் உப்புத் தண்ணீர் புகுந்த கேபிளோடு போராடியதில் போயிற்று. எல்லாமே முன்கூட்டித் தெரிந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடியவை. குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் பூமியின் மேலோட்டையும் அதிலுள்ள பிளவுகளையும் அதிர்வு அலைகளால் ஆராய முதல்முறையாகக் கிளம்பும் ஆராய்ச்சி மாணவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கோட்பாட்டை உங்கள் வழிகாட்டி சொல்லிக் கொடுப்பார். அவர் சொல்ல மறக்கும் விஷயங்கள் இங்கே.

1. எவ்வளவு ஆழம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கருவி, அனுமதி, செலவு, நாட்கள் என்று எல்லாமே இந்த ஒரு கேள்வியைப் பொறுத்தவை. நான் இதை வரிசை மாற்றிச் செய்தேன். துறையில் 48 சேனல் கருவி (48 உணரிகளை ஒரே நேரத்தில் பதிவது) சும்மா கிடந்தது, அதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்தேன். அது தவறு.

தரையில் அடித்து அதிர்வு எழுப்ப எட்டுக் கிலோ சம்மட்டியும், அதைப் பிடிக்க ஐந்து மீட்டருக்கு ஒன்றாக 48 ஜியோஃபோனும் (தரையில் நடும் சிறு அதிர்வு உணரி) இருந்தால் உங்கள் லைன், அதாவது அவற்றை நட்ட வரிசை, 235 மீட்டர். ரிஃப்ராக்‌ஷனில் (ஆழத்தில் வேகமான அடுக்கின் வழியே ஓடி மேலே திரும்பும் அலைகளின் நேரத்தைப் பார்க்கும் முறை) லைன் நீளத்தில் நாலில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு ஆழம்தான் நம்பும்படி தெரியும். அதாவது ஐம்பது மீட்டர். பிளவு மேற்பரப்புக்கு அருகில் எங்கே ஓடுகிறது, வண்டலுக்கு அடியில் பாறை எந்த இடத்தில் சட்டென்று இறங்குகிறது என்பதற்கு இது போதும்.

மேலோட்டின் அடிப்பகுதியான மோஹோ எல்லை வேண்டுமென்றால் கதையே வேறு. கட்ச்சில் அது ஏறக்குறைய 35 முதல் 45 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலோட்டில் சராசரி அலை வேகம் வினாடிக்கு 6.3 கி.மீ., அதற்குக் கீழே 8.1, தடிமன் 38 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், மோஹோவைத் தொட்டு வரும் அலை முதலாவதாக வந்து சேருவது வெடிமருந்து வெடித்த இடத்திலிருந்து சுமார் 215 கி.மீ. தள்ளித்தான். அதற்கு முன்னால் நேர் அலை முந்திக்கொள்ளும். 215 கி.மீ. நீளத்துக்கு வடக்கு தெற்காகக் கோடு போட்டால் ஒரு முனை கடலில் இருக்கும், இன்னொரு முனை பாகிஸ்தானில் இருக்கும். அதனால்தான் ஆழமான வேலைக்கு மோஹோவில் சாய்வாகப் பட்டுத் திரும்பும் அலைகளை (அகலக்கோண எதிரொலிப்பு) பதிவு செய்கிறார்கள், அல்லது எதையும் வெடிக்காமல் தொலைதூர நிலநடுக்கங்களின் அலைகளைப் பிடிக்கிறார்கள். ஹைதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனமும் காந்திநகரின் நில அதிர்வு ஆராய்ச்சி நிறுவனமும் கட்ச் பற்றி வெளியிட்டிருப்பவற்றைப் படித்துவிட்டு, மிச்சம் இருக்கும் இடைவெளி எது என்று பாருங்கள். ஏற்கெனவே கிடைக்கும் பதிலுக்காக நீங்கள் அங்கே போய் வெயிலில் வேக வேண்டியதில்லை.

ஒன்றை மனதில் வையுங்கள். கட்ச்சை உலுக்கிய 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தின் முறிவு மேற்பரப்பை எட்டவே இல்லை. அது தொடங்கிய இடம் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் ஆழத்தில். மன்ஃபரா ஊர்ப் பக்கம் தெரிந்த தரை வெடிப்புகளைப் பார்த்து 'இதுதான் பிளவு' என்று லைன் போட்டுவிடாதீர்கள். ஐம்பது மீட்டர் படத்தை வைத்துக்கொண்டு 2001-க்கு விளக்கம் எழுதினால் மதிப்பீட்டாளர் சும்மா விடமாட்டார்.

2. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

பெரிய ரண், சிறிய ரண் என்ற இரண்டு உப்புச் சமவெளிகளும் மழைக்காலத்தில் தண்ணீரில் கிடக்கும். பாடப்புத்தகப்படி அக்டோபரில் வடிந்துவிடும். மழை தாமதமாகப் பெய்த வருடமானால் நவம்பரிலும் மேலே வெள்ளை உப்புத் தோல், கீழே களி. கால் வைத்தால் முழங்கால் வரை போகும். மார்ச்சுக்கு மேல் வெயிலும் காற்றும். காற்று வெயிலைவிடக் கெட்டது. ஜியோஃபோன்கள் காற்றைத்தான் பதிவு செய்யும்.

ஆக, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. ஆனால் அந்த மூன்று மாதத்திலும் மூன்று பொறிகள் இருக்கின்றன:

- ரண் உற்சவம். குளிர்காலம் முழுக்கச் சுற்றுலாக் கூட்டம். மாவட்டத் தலைநகர் புஜ்ஜில் அறை வாடகை கண்டபடி ஏறும். பச்சாவ், ராபர் போன்ற சிறு ஊர்களில் தங்குங்கள், அல்லது ஊர்ப் பள்ளி, சமூகக்கூடம் கேளுங்கள்.
- உத்தராயண். ஜனவரி 14, 15 தேதிகளில் குஜராத்தே மொட்டை மாடியில் பட்டம் விடும். கூலிக்கு ஒருவர்கூட வரமாட்டார். நமக்கும் பொங்கல்தானே, விட்டுவிடுங்கள்.
- சீரகம். வயல்களில் சீரகமும் ஆமணக்கும் நிற்கும் காலம் இது. சீரகச் செடி மென்மையானது, ஒரு முறை கேபிள் இழுத்தால் வரிசையே போய்விடும். லைனை வரப்பிலும் வண்டிப்பாதையிலும் வளைத்துக்கொண்டு போங்கள். வளைந்த லைனைக் கணினியில் சரிசெய்யலாம், மிதித்த சீரகத்துக்குப் பணம்தான் கொடுக்க வேண்டும்.

அப்புறம், ஜனவரி 26 அன்று எங்கும் சம்மட்டி அடிக்காதீர்கள். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

3. காகிதங்கள்

மூன்று மாதம் முன்னதாகத் தொடங்குங்கள். சரணாலயம் என்றால் ஆறு மாதம். நான் ஆறு வாரம் போதும் என்று நினைத்தேன்.

(அ) *மாவட்ட ஆட்சியருக்குக் கடிதம்.* கட்ச்சின் பரப்பு 45,674 சதுர கிலோமீட்டர், இந்தியாவிலேயே பெரிய மாவட்டம். 'கட்ச் மாவட்டத்தில் ஆய்வு' என்று எழுதினால் எந்த வட்டத்துக்கு அனுப்புவது என்று தெரியாமல் கோப்பு மேசையிலேயே கிடக்கும். வட்டம், ஊர், லைனின் இரு முனைகளின் அட்சரேகை தீர்க்கரேகை, தேதி, வண்டி எண், குழுவினர் பெயர்கள், அடையாள அட்டை நகல் எல்லாம் இணையுங்கள். 'வெடிமருந்து பயன்படுத்தவில்லை, சம்மட்டி மட்டுமே' என்ற வரி முதல் பத்தியிலேயே வரட்டும். காவல் கண்காணிப்பாளருக்கு ஒரு நகல்.

(ஆ) *வனத்துறை.* நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். சிறிய ரண் காட்டுக்கழுதைச் சரணாலயம், பெரிய ரண்ணின் பெரும்பகுதி பாலைவன வனவிலங்குச் சரணாலயம். உள்ளே அறிவியல் ஆய்வு செய்ய 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி வேண்டும். ஆட்சியர் கடிதம் இதற்கு ஈடாகாது. என் லைனின் வடக்கு முனை முந்நூறு மீட்டர் சரணாலய எல்லைக்குள் போயிருந்தது. அந்த முந்நூறு மீட்டருக்காகத்தான் நான்கு நாள் அறையில் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் கடிதம் வரவில்லை, லைனைத் தெற்கே நகர்த்தினேன். வரைபடத்தில் எல்லையைப் போட்டுப் பார்க்க பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

(இ) *எல்லைப் பகுதி.* வெள்ளை ரண்ணுக்குப் போகிறவர்களுக்கு பிரண்டியாரா சோதனைச் சாவடியில் ஓர் அனுமதிச்சீட்டு தருவார்கள். அது சுற்றுலாச் சீட்டு. அதை நம்பிப் பெட்டி பெட்டியாகக் கருவிகளோடு போனால் திருப்பி அனுப்பப்படுவீர்கள். 1819 நிலநடுக்கத்தில் எழும்பிய அல்லா பந்த் மேட்டைப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு. அது எல்லைக் காவல் படையின் கட்டுப்பாட்டுப் பகுதி. முதல் பயணத்தில் அந்த ஆசை வேண்டாம். செயற்கைக்கோள் தொலைபேசி எடுத்துச் செல்லாதீர்கள், உரிய அனுமதி இல்லாமல் இந்தியாவில் எங்குமே அது குற்றம். டிரோனையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

(ஈ) *வெடிமருந்து.* உங்கள் திட்டத்தில் இருந்தால் இது தனி உலகம். ஆழமான ஆய்வில் ஒரு குழிக்குப் பல பத்துக் கிலோவிலிருந்து சில நூறு கிலோ வரை போகும். வாங்க, வைக்க, கொண்டுபோக, வெடிக்க எல்லாவற்றுக்கும் 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி உரிமம் வேண்டும். மாணவர் தானாகச் செய்யும் காரியமே இல்லை. உரிமம் உள்ள நிறுவனத்தோடு சேர்ந்து மட்டும் செய்யுங்கள், ஒரு வருடம் ஒதுக்குங்கள்.

(உ) *குஜராத்தியில் ஒரு பக்கம்.* எல்லாக் கடிதங்களிலும் அதிகம் உதவியது எந்த அலுவலகமும் கேட்காத இந்தத் தாள்தான். நாங்கள் யார், எத்தனை நாள் இருப்போம், என்ன செய்வோம், எதைச் செய்யமாட்டோம் என்று பெரிய எழுத்தில். ஐம்பது படி எடுத்துக்கொள்ளுங்கள்.

4. கருவிகளை அனுப்புவது

திருநெல்வேலியிலிருந்து காந்திதாமுக்கு வாரம் ஒரு ஹம்சபர் ரயில் இருக்கிறது. கேரளம், கொங்கண் வழியாகப் போகும், இடையில் மாற வேண்டாம். கருவி கூடவே வருகிறது என்ற நிம்மதிக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

பார்சலில் போட்டால் பட்டியலை யோசித்து எழுதுங்கள். எங்கள் இளையவர் ஒருவர் நேர்மையாக 'ட்ரிகர் கேபிள்', 'ஷாட் பாக்ஸ்' என்று எழுதிவிட்டார். ஒரு நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் பெட்டியைத் திறந்து காட்டி, சம்மட்டியைத் தரையில் தட்டிச் செய்முறை விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. சம்மட்டி பட்ட நொடியைக் கருவிக்குச் சொல்லும் சாமான்தான் அது. 'தொடக்க உணரி' என்று எழுதினாலும் அதே பொருள்தான், கேட்பவருக்குப் பயம் வராது. கருவியின் வரிசை எண், விலை, நிறுவனத்தின் உடைமை என்ற சான்று ஆகியவற்றைத் துறைத்தலைவர் கையெழுத்தோடு வைத்திருங்கள்.

12 வோல்ட் வண்டி பேட்டரியை இங்கிருந்து சுமக்காதீர்கள். காந்திதாமில் வாங்கி, வேலை முடிந்ததும் அதே கடையில் விற்றுவிடலாம். இரண்டு வாங்குங்கள்.

5. பணம்

எங்களுக்கு ஆனதைச் சொல்கிறேன், உங்கள் வருடத்துக்கு ஏற்றபடி கூட்டிக்கொள்ளுங்கள். ஓட்டுநர், டீசலோடு பொலேரோ நாளுக்கு 3,500 முதல் 4,000 ரூபாய். உள்ளூர் ஆட்கள் நான்கு பேர், தலைக்கு 500 ரூபாய், மதியச் சாப்பாடு நம் செலவு. இந்த இரண்டுமே மொத்தத்தில் பாதியைத் தாண்டின. தங்குவதும் சாப்பாடும் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. கம்பு ரொட்டியும் மோரும் இருந்தால் வயிறு சத்தம் போடாது.

யாரும் எழுதாத செலவு, டயர். பன்னி சமவெளி முழுக்க நம்மூர் சீமைக் கருவேலம்தான். அங்கே 'காண்டோ பாவள்' என்பார்கள், பைத்தியக்காரக் கருவேலம் என்று அர்த்தம். நான் ராமநாதபுரத்துக்காரன், அந்தப் பெயரைக் கேட்டதும் சிரித்துவிட்டேன். அந்த முள் ஒரே நாளில் இரண்டு டயரைப் பதம் பார்த்தபோது சிரிக்கவில்லை.

பில் விஷயத்தில் கவனம். கூலிக்கு ஜி.எஸ்.டி. பில் கிடைக்காது. பெயர், ஊர், தேதி, தொகை, கையெழுத்து அல்லது கைரேகை கொண்ட ரசீதுப் படிவத்தை அச்சடித்தே எடுத்துப் போங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். ஒரு ஸ்டாம்ப் இல்லாததால் திரும்பி வந்த பில்லுக்கு மறுபடி கைரேகை வாங்க 2,000 கிலோமீட்டர் போக முடியாது. அந்தப் பணம் என் உதவித்தொகையில் போனது.

6. ஊர்க்காரர்கள்

ஊர்த் தலைவரான சர்பஞ்சைப் பார்த்து அந்தக் குஜராத்தித் தாளைக் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். போதாது.

உங்களைப் பார்த்ததும் இரண்டு சந்தேகம் வரும். ஒன்று, நிலம் வாங்கவோ காற்றாலை போடவோ வந்திருக்கிறார்கள். இரண்டு, எண்ணெய் தேடுகிறார்கள். நிலத்தில் குச்சி நட்டு வரிசையாகக் கம்பி இழுத்தால் யாருக்குத்தான் தோன்றாது? சிவப்புக் கொடி, சுண்ணாம்புக் கோடு எதுவும் வேண்டாம். நிலம் அளக்கிறவர்கள்தான் அப்படிச் செய்வார்கள்.

மூன்றாவது விஷயம் சந்தேகம் அல்ல. பச்சாவுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், காற்று கிளம்பும் முன் முடித்துவிடலாம் என்று காலை ஆறரைக்கே அடிக்க ஆரம்பித்தோம். சம்மட்டி அடி விழும் அலுமினியத் தட்டு ஒரு வீட்டுச் சுவரிலிருந்து இருபது மீட்டரில் இருந்தது. பத்து அடி அடித்திருப்போம். எழுபது வயது இருக்கும் ஒரு பாட்டி, தூங்கிக்கொண்டிருந்த பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. சுவருக்கும் மின்கம்பத்துக்கும் எட்டாத தூரமாகப் பார்த்து, திறந்த வெளி நடுவில் தரையில் உட்கார்ந்தார். எங்கள் உள்ளூர் ஆள் கச்சி மொழியில் எவ்வளவோ சொன்னார். பாட்டி தலையாட்டினார், ஆனால் வெயில் ஏறும்வரை வீட்டுக்குள் போகவில்லை.

அன்றிலிருந்து வழக்கத்தை மாற்றினோம். முதல் நாள் மாலை ஊருக்குள் ஒரே ஒரு ஜியோஃபோனை நட்டு, மடிக்கணினியைத் திண்ணையில் வைத்துவிடுவோம். பிள்ளைகள் குதிப்பார்கள், திரையில் கோடு துள்ளும். பெரியவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து காலால் தட்டிப் பார்ப்பார்கள். சம்மட்டியை அவர்களே இரண்டு அடி அடிப்பார்கள். அப்புறம் யாருக்கும் எந்த விளக்கமும் தேவைப்படாது. வீடுகளிலிருந்து நூறு மீட்டர் தள்ளி, எட்டு மணிக்கு மேல் அடிப்பது என்றும் வைத்துக்கொண்டோம். காற்றில் கொஞ்சம் தரவு கெட்டது, கெடட்டும்.

7. லைன் போடும் நாள்

பிளவுகள் இங்கே பெரும்பாலும் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. ஆகவே லைன் வடக்கு தெற்கு. கட்ச் மெயின்லேண்ட் பிளவின் குறுக்கே போட்டால் தெற்கு முனை மணற்பாறைக் குன்றில், வடக்கு முனை பன்னியின் உப்பு வண்டலில் இருக்கும். ஒரே லைனில் இரண்டு வகைத் தரை. ஜியோஃபோனின் அடி முள் பாறையில் இறங்காது, தட்டையான அடி பொருத்தி ஜிப்சம் குழைத்து ஒட்டுங்கள். வண்டலில் ஒரு சாண் பள்ளம் தோண்டிப் புதையுங்கள்.

உப்புத் தரையில் கேபிள் இணைப்புகள் மண்ணைத் தொடவே கூடாது. காலைப் பனியில் உப்பு கசிந்து இணைப்புக்குள் போனால் பக்கத்துச் சேனல்கள் எல்லாம் ஒரே மாதிரி ஆடும். கருவி கெட்டுவிட்டது என்று நான் இரண்டு நாள் தேடியது இதைத்தான். ஒவ்வொரு இணைப்பையும் பாலித்தீன் பையில் சுற்றி, பாதிச் செங்கல்லின் மேல் வையுங்கள். மாலையில் நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவிடுங்கள்.

ஒரே இடத்தில் பல முறை அடித்துப் பதிவுகளைக் கூட்டினால் இரைச்சல் குறையும். அடிகளின் கணக்கு எளிது: இரைச்சலை நாலில் ஒன்றாகக் குறைக்க 16 அடி, எட்டில் ஒன்றாகக் குறைக்க 64. பதினாறைத் தாண்டினால் தோள்தான் போகும். கண்ட்லா துறைமுக லாரிகள் ஓடும் நெடுஞ்சாலைப் பக்கம் என்றால் லாரி போகும்வரை காத்திருங்கள். அறுபத்துநாலு அடியைவிட இரண்டு நிமிடப் பொறுமை மலிவு.

படத்தைப் படிப்பதில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. ரண் ஓரத்தில் ஒன்றிரண்டு மீட்டரிலேயே தண்ணீர் வந்துவிடும். அதற்குக் கீழே வேகம் வினாடிக்கு 1,500 மீட்டருக்குத் தாவும். அது பாறை அல்ல, தண்ணீர். நானும் முதலில் பாறை என்றே குறித்தேன். இரண்டாவது இன்னும் மோசமானது. புஜ்ஜிலிருந்து மாண்ட்வி போகும் வழியிலும் அஞ்சார் பக்கமும் தக்காண எரிமலைப் பாறை மேலே, அதைவிட வேகம் குறைந்த பழைய வண்டல் பாறை கீழே. வேகமான அடுக்குக்குக் கீழே மெதுவான அடுக்கு இருந்தால் ரிஃப்ராக்‌ஷனில் அது தெரியவே தெரியாது, அதற்கும் கீழே உள்ளவற்றின் ஆழமும் தப்பாக வரும். அங்கே ரிஃப்ளெக்‌ஷன் (அடுக்குகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பதியும் முறை) செய்யுங்கள், அல்லது கிணறு தோண்டியவர்களிடம் எத்தனை அடியில் என்ன வந்தது என்று கேளுங்கள். போர்வெல்காரர் ஒருவர் டீக்கடையில் சொன்னது என் நிலத்தடி மாதிரியைவிடச் சரியாக இருந்தது.

8. வெடிக்காமல் ஆழம் பார்ப்பது

மேலோட்டின் தடிமன்தான் வேண்டும் என்றால் அகல்பட்டை நில அதிர்வுமானியை (மெதுவான ஆட்டம் முதல் விரைவான அதிர்வு வரை பதியும் கருவி) வைத்துவிட்டு வாருங்கள். தொலைதூர நிலநடுக்கத்தின் பி அலை (முதலில் வருவது) மோஹோவில் ஒரு பகுதி எஸ் அலையாக (அதைவிட மெதுவானது) மாறி, நாலைந்து வினாடி தாமதமாக வரும். அந்தத் தாமதத்தில் இருந்து தடிமன் கிடைக்கும். இதற்கு 30 முதல் 95 பாகை (பூமி மையத்திலிருந்து அளக்கும் கோணம், ஒரு பாகை சுமார் 111 கி.மீ.) தூரத்தில் நடந்த நடுக்கங்கள் வேண்டும். கட்ச்சிலிருந்து பார்த்தால் அவை பெரும்பாலும் கிழக்கில்தான்: சுமத்ரா, பிலிப்பைன்ஸ், ஜப்பான். மேற்கிலிருந்து வருவது சொற்பம். மூன்று மாதத்தில் எடுத்துவிடாதீர்கள், குறைந்தது ஒரு வருடம், முடிந்தால் இரண்டு.

இடம், ஊர்ப் பள்ளியின் பின்பக்க அறை. தலைமையாசிரியரிடம் சாவிக்கும் மாதம் ஒருமுறை போனில் பேசுவதற்கும் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். சூரியத் தகடு கூரையில், ஜி.பி.எஸ். ஆண்டெனா வானம் தெரியும்படி. கருவியை இரும்புக் கதவு பக்கத்தில் வைத்துக் காந்த ஊசியால் வடக்கு பார்த்தால் வடக்கு கோணலாகும். மழைக்கு முன் ஒருமுறை போய்த் தரவை எடுத்துவிடுங்கள், பிறகு நான்கு மாதம் பாதை கிடையாது. இன்னொன்று, பதிவேட்டில் கைக்கடிகார நேரம், கருவியில் உலக நேரம் என்று கலந்து எழுதாதீர்கள். ஐந்தரை மணி நேர வித்தியாசத்தில் நான் ஒரு நடுக்கத்தை முந்தின நாளில் தேடிக்கொண்டிருந்தேன்.

9. கிளம்பும் நாள்

ஜியோஃபோன்களை எண்ணுங்கள். 48 கொண்டுபோனால் 47 இருக்கும். ஒன்று கடைசிப் பள்ளத்தில் புதைந்தபடி கிடக்கும், சில நேரம் ஒரு பையனின் பையில். கோபப்படாமல் கேட்டால் கிடைத்துவிடும். பள்ளங்களை மூடுங்கள், ஆடு மாடு கால் வைத்து ஒடித்துக்கொள்ளும். தரவை இரண்டு வன்தட்டுகளில் நகல் எடுத்து, இருவர் பையில் தனித்தனியாக வையுங்கள். கூலி பாக்கி இல்லாமல் கொடுத்து ரசீது வாங்குங்கள். சர்பஞ்சிடம் வேலை முடிந்தது என்று ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த முறை ஆட்சியர் அலுவலகத்தில் அதைத்தான் முதலில் கேட்டார்கள்.

ரயில் காந்திதாமில் கிளம்பும் நாளைக்கு ஒரு நாள் முன்னதாகவே வேலையை முடித்துவிடுங்கள். வாரம் ஒரு வண்டிதான்.